பழைய வெஸ்டர்ன் படங்களில் பாடகர்களை நடிக்க வைத்தது படத்துக்கு உதவியதா, ஊறு செய்ததா?

நிழல்திரை:

ஹாலிவுட்டின் பழைய வெஸ்டர்ன் படங்களையும் (அமெரிக்க மேற்குப் பகுதியின் கௌபாய் கதைகள்), அவற்றைத் தொடர்ந்து இத்தாலியர்கள் எடுத்த படங்களையும் அண்மைக் காலமாக வரிசையாகப் பார்த்து வருகிறேன். இவற்றில் நடிகர் தேர்வும் இசையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் விதம் குறித்து எனக்கு ஒரு கேள்வி எழுந்துள்ளது.

ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய 'ரியோ பிராவோ' (1959) படத்தில் டீன் மார்ட்டின், ரிக்கி நெல்சன் என்று புகழ்பெற்ற பாடகர்கள் இருவர் நடித்திருக்கிறார்கள். எதிரிகள் எந்த நேரத்திலும் தாக்கக்கூடும் என்ற நிலையில் சிறைக்கூடத்தைக் காத்தபடி உள்ளே அடைந்து கிடக்கும் நால்வர், அந்த ஆபத்தையே மறந்தவர்களைப் போல, அடுத்தடுத்து இரண்டு பாடல்களில் திளைத்திருக்கிறார்கள். படப்பிடிப்பின்போது நெல்சனுக்கு வயது 18. தொலைக்காட்சியாலும் இசைத்தட்டுகளாலும் அமெரிக்க இளைஞர்களிடையே பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தவர். அவருக்காகத் திரையரங்குக்கு வருபவர்கள் ஏமாந்து திரும்பக் கூடாது என்பதற்காகவே அந்தக் காட்சி சேர்க்கப்பட்டது போல எனக்குத் தோன்றுகிறது. மறுபுறம், பிரெட் ஜின்னமன் இயக்கிய 'ஹை நூன்' (1952) படத்தில் ஒரே பாடல் படம் நெடுகிலும் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அதைத் திரையில் எவரும் பாடுவதில்லை. ஆயினும் அந்தப் பாடலை நீக்கிவிட்டுக் கேரி கூப்பரின் முகத்தை மட்டும் நினைத்துப் பார்க்க என்னால் இயலவில்லை. இரண்டு படங்களுக்கும் இசையமைத்தவர் டிமிட்ரி டியோம்கின் என்ற ஒரே மனிதர்தான் என்பது என் குழப்பத்தை அதிகமாக்குகிறது.

பாடகர் ஒருவரை நடிகராகத் தேர்ந்தெடுத்த அந்தக் கணத்திலேயே படத்தின் இசை வழி தவறிவிடுகிறதா? பாத்திரத்துக்குப் பொருந்தாத நடிகரை நல்ல இசை காப்பாற்றிக் கொடுத்த வெஸ்டர்ன் படங்கள் உண்டா? இவற்றைப் பலமுறை பார்த்தவர்கள் தங்கள் கருத்தைக் கூற வேண்டுகிறேன்.

தந்திக்கருவி:

நீங்கள் குறிப்பிட்ட இரண்டு படங்களுமே உங்கள் முதல் கேள்விக்கு விடை தருகின்றன என்று நினைக்கிறேன். 'ஹை நூன்' படத்திலும் ஒரு பாடகர் இருக்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்தப் பாடலைப் படத்தில் பாடியிருக்கும் டெக்ஸ் ரிட்டர், ஜீன் ஆட்ரி, ராய் ரோஜர்ஸ் ஆகியோரின் வரிசையில், குதிரை மீதிருந்தபடி பாடும் நாயகனாகத் தாமே திரையில் தோன்றிப் பெயர் பெற்றவர். அத்தகைய ஒருவரை அழைத்து, அவருடைய குரலை மட்டும் எடுத்துக்கொண்டு முகத்தை விட்டுவிட்டார்கள். அதுவரை பாடும் கௌபாய் படங்களில் குரலும் முகமும் ஒரே ஆளுடையவையாக இருந்தன; பாடுகிறவன் தன் உள்ளத்தைத் தானே வெளிப்படையாகச் சொல்லிவிடுவதால் அவனிடம் மறைப்பதற்கு எதுவும் இருக்காது. இங்கே குரலை ரிட்டரிடமும் முகத்தைக் கூப்பரிடமும் பிரித்துக் கொடுத்ததால், முகம் வாய் திறந்து சொல்ல மறுக்கும் ஒன்றைக் குரல் நமக்குச் சொல்ல முடிகிறது.

படத்தின் தொடக்கத்தைக் கவனியுங்கள். ஒரு பாறை மீது லீ வான் கிளீஃப் காத்திருக்கிறார் (அவருக்கு அது முதல் படம், கடைசி வரை ஒரு வசனம்கூட இல்லை). எவரும் பேசத் தொடங்குவதற்கு முன்பே நெட் வாஷிங்டன் எழுதிய அந்தப் பாடல், திருமண நாள், நண்பகல் ரயிலில் வரப்போகும் பகைவன், மனைவி தன்னைக் கைவிட்டுவிடுவாளோ என்ற அச்சம் என்று கதை முழுவதையும் சொல்லிவிடுகிறது. அதன் பிறகு, கூப்பர் நடித்த வில் கேன் என்ற மார்ஷல் (ஊர்க் காவல் அதிகாரி) தன் அச்சத்தை நீண்ட வசனமாகப் பேச வேண்டிய தேவையே எழுவதில்லை. அவர் வீடு வீடாகச் சென்று உதவி கேட்கிறார், மறுக்கப்படுகிறார், மீண்டும் வெயிலில் நடக்கிறார். ஒவ்வொரு முறை அவர் தெருவில் தனியாக நடக்கும்போதும் பாடலின் மெட்டு அவரைத் தொடர்கிறது.

கூப்பரின் தேர்வு குறித்தும் இங்கே சொல்ல வேண்டும். இந்தப் பாத்திரத்தை முதலில் மறுத்தவர்களுள் கிரிகரி பெக்கும் ஒருவர். தாம் நடித்த 'தி கன்ஃபைட்டர்' (1950) படத்தை இது மிகவும் ஒத்திருப்பதாக அவர் கருதினார். கூப்பர் படப்பிடிப்புக்கு வந்தபோது ஐம்பது வயதைத் தொட்டிருந்தார், உடல்நலமும் குன்றியிருந்தார், ஒப்பனையும் மிகக் குறைவு. புது மனைவியாக நடித்த கிரேஸ் கெல்லி அவரைவிட 28 வயது இளையவர். வேறு எந்தப் படத்திலும் இது கண்ணை உறுத்தும் பொருத்தமின்மையாகவே இருந்திருக்கும். ஆனால், என்னைக் கைவிடாதே என்று ஒரு இளம் மனைவியிடம் கெஞ்சும் பாடலை, சுருக்கங்கள் விழுந்த அந்த முகத்தின் மீது வைத்துப் பாருங்கள். முப்பது வயது இளைஞனுக்குப் பாடப்பட்டிருந்தால் வெறும் காதல் முறையீடாக நின்றிருக்கக்கூடியது, வயதானவனின் தனிமையாக மாறிவிடுகிறது. அந்தப் படம் பெற்ற நான்கு ஆஸ்கர் விருதுகளில் இரண்டு இசைக்கும் பாடலுக்கும், ஒன்று கூப்பருக்கும் கிடைத்தன (மற்றொன்று படத்தொகுப்புக்கு) என்பதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

முன்னோட்டக் காட்சியில் தோல்வியுற்ற படத்தைப் பாடல்தான் மீட்டது என்ற கதையைப் பலரும் சொல்வார்கள். படத்தில் பணியாற்றிய ஒவ்வொருவரும் அந்தப் பெருமையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள் என்பதால் நான் அந்தக் கதைக்கு அதிக மதிப்பளிப்பதில்லை.

இனி 'ரியோ பிராவோ'. உதவி கேட்டு ஊரெல்லாம் அலையும் மார்ஷல் ஒருவனை ஹாக்ஸுக்குப் பிடிக்கவில்லை. 'ஹை நூன்' படத்துக்கு மறுமொழியாகவே இதை எடுத்ததாக அவரே பலமுறை கூறியிருக்கிறார். ஆகவே, இசையும் மறுமொழியாகவே அமைந்திருக்கிறது. தனியனைப் பற்றி முகமற்ற குரல் ஒன்று பாடியதற்கு எதிராக, ஓர் அறைக்குள் கூடியிருக்கும் மனிதர்கள் தாங்களே பாடுகிறார்கள். டீன் மார்ட்டின் நடித்த டியூட், குடியால் கைநடுக்கம் கண்டு, தன்மானம் இழந்து கிடப்பவன். வில்லனின் ஆணைப்படி மதுக்கடையில் இசைக்கப்படும் 'தெகுவேயோ' என்ற மெட்டைக் கேட்கும்போது (டெக்சாஸின் அலமோ கோட்டை முற்றுகையின்போது, எவருக்கும் உயிர்ப்பிச்சை இல்லை என்று அறிவிக்க மெக்சிகோ படையினர் வாசித்தது என்று கதைக்குள் அதற்கு விளக்கமும் தரப்படுகிறது) அவன் கையிலிருந்த மதுவை ஒரு சொட்டும் சிந்தாமல் புட்டிக்குள் திரும்ப ஊற்றுகிறான். சிறைக்கூடப் பாடல் அதற்குப் பின்புதான் வருகிறது. தொப்பியைக் கண்மேல் சாய்த்துப் படுத்தபடி மார்ட்டின் எவ்வித முயற்சியும் இல்லாமல் பாடுவது, அந்த மனிதன் மீண்டு வந்துவிட்டான் என்பதற்கான சான்று. மேடையில் எளிதாகப் பாடுபவர் என்று எல்லோரும் அறிந்த ஒருவரை அந்தப் பாத்திரத்துக்குத் தேர்ந்தெடுக்காமல் போயிருந்தால் இது விளங்கியிருக்காது; அவ்வளவு நேரமும் அவரிடமிருந்து பிடுங்கி வைத்திருந்ததை அந்தக் காட்சியில் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

படத்தின் நாயகனான ஜான் வெய்ன் அங்கே பாடாமல் நின்று கேட்டுக்கொண்டிருப்பதும் அழகு. 1933இல் 'ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி' என்ற படத்தில் அவரையே பாடும் கௌபாயாக ஆக்கி, வேறொருவரின் குரலை ஒட்டவைத்திருந்தார்கள். அந்த வேடம் அவருக்கு எவ்வளவு பொருந்தாமல் இருந்தது என்பதைப் பார்த்தவர்கள், இந்தக் காட்சியில் அவருடைய மௌனத்துக்கு நன்றி சொல்வார்கள்.

ஆனால் இரண்டாவதாக வரும் 'சிண்டி' பாடலைப் பொறுத்தவரை உங்கள் குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. அது நெல்சனின் ரசிகர்களுக்காகவே இருக்கிறது.

மூன்றாம் வரிசை:

தந்திக்கருவி அவர்களின் விளக்கம் நன்று. எனினும் ஹாக்ஸுக்கு அவர் அளவுக்கு மீறிச் சலுகை காட்டுகிறார். முதல் பாடலின் மெட்டு, டியோம்கின் தாமே 'ரெட் ரிவர்' (1948) படத்துக்கு அமைத்ததை எடுத்துப் புதிய சொற்களோடு கொடுத்தது. அது டியூட் என்ற மனிதனிலிருந்து பிறந்த பாடல் அன்று. மார்ட்டினின் நடிப்பு சிறப்பானது என்பதால் காட்சி தாங்கி நிற்கிறது. நெல்சனைத் தனியாக விட்டிருந்தால் தாங்கியிருக்காது.

பாடகரை நடிகராகத் தேர்ந்தெடுப்பது தவறன்று. தேர்ந்தெடுத்துவிட்டோமே என்பதற்காகப் பாட வைப்பதுதான் தவறு. வில்லியம் வைலர் இயக்கிய 'தி பிக் கன்ட்ரி' (1958) படத்தில் பர்ல் ஐவ்ஸைப் பாருங்கள். நாட்டுப்புறப் பாடல்களால் அமெரிக்கா முழுவதும் அறியப்பட்டிருந்த அவருக்கு அந்தப் படத்தில் பாட்டே கிடையாது. குழந்தைகளுக்குப் பாடிக் காட்டிய அந்த அன்பான கனத்த குரலை, தன் மகனையே சுட்டுக் கொல்லும் ஒரு முரட்டுத் தந்தைக்குக் கொடுத்தார்கள். ஆஸ்கரின் சிறந்த துணை நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. அதே படத்துக்கு ஜெரோம் மோராஸ் அமைத்த முகப்பு இசையில், வண்டிச் சக்கரங்கள் சுழலச் சுழல வயலின்கள் சுழன்றெழும் அந்தத் தொடக்கத்தைக் கேட்டால், பரந்த நிலத்தைக் காட்டுவதற்குப் பாடகர் எவரும் தேவையில்லை என்பது விளங்கும். அதற்கு நேர் எதிராக 'ட்ரூ கிரிட்' (1969): கிளென் கேம்பல் முகப்புப் பாடலை இனிமையாகப் பாடுகிறார், பிறகு குதிரையேறி வந்து நடிக்கவும் முயல்கிறார். வெய்னுக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே ஆஸ்கர் இந்தப் படத்துக்குத்தான். அவருக்கும் கிம் டார்பிக்கும் நடுவில் கேம்பல் நிற்கும் காட்சிகளில் எனக்கு அவர்மீது இரக்கமே ஏற்படுகிறது.

ஜான் ஃபோர்ட் இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாண்டார். 'தி சர்ச்சர்ஸ்' (1956) படத்தின் முகப்பிலும் முடிவிலும் 'சன்ஸ் ஆஃப் த பயனியர்ஸ்' என்ற பாடகர் குழு பாடுகிறது. அந்தக் குழுவில் முன்பு பாடிவந்த கென் கர்ட்டிஸ் படத்தில் நடிக்கவும் செய்கிறார். கடிதம் ஒன்றைப் படித்துத் தன் காதலன் கைவிட்டதாக எண்ணும் பெண்ணிடம் கித்தாருடன் வந்து பாடும் அவர் சிரிப்புக்குரியவராகவே காட்டப்படுகிறார். அந்தக் கதையில் ஒருவன் வெளிப்படையாகப் பாடித் தன் காதலைச் சொன்னாலே அவன் நகைப்புக்கு உரியவன். உண்மையான காதல் எங்கே இருக்கிறது என்றால், வெய்ன் நடித்த ஈத்தன் தன் சகோதரனின் மனைவி மார்த்தாவைப் பார்க்கும் பார்வையில் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசப்படுவதில்லை. உள்நாட்டுப் போர்க் காலத்தில் படைவீரர்கள் பாடிய 'லோரினா' என்ற பழைய காதல் பாடலின் மெட்டை மாக்ஸ் ஸ்டைனர் அங்கே மென்மையாக இசைக்கிறார். மார்த்தா அவனுடைய மேலங்கியைக் கையால் தடவுகிறாள். அதைக் கண்டும் காணாதவராக வார்ட் பாண்ட் எதிரே வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் பாடலை அறிந்த அமெரிக்கப் பார்வையாளர்களுக்குப் பிரிந்துபோன காதலர்களின் கதை அந்த மெட்டிலேயே கேட்டிருக்கும்.

படத்தொகுப்பு:

இதுவரை பேசியவர்கள் அமெரிக்கப் படங்களோடு நின்றுவிட்டார்கள். செர்ஜியோ லியோனியிடம் வந்தால் வரிசையே தலைகீழாக மாறுகிறது: அங்கே முகத்துக்கு இசை அமைப்பதற்குப் பதிலாக, இசைக்கு முகம் தேடினார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964) படத்துக்கு லியோனி முதலில் விரும்பியவர் ஹென்றி ஃபோண்டா. சார்லஸ் பிரான்சன், ஜேம்ஸ் கோபர்ன் ஆகியோரையும் அணுகினார்கள். முடிவில் 'ராஹைட்' என்ற தொலைக்காட்சித் தொடரில் நடித்துக்கொண்டிருந்த கிளின்ட் ஈஸ்ட்வுட், 15,000 டாலர் ஊதியத்துக்கு வந்து சேர்ந்தார். பள்ளியில் லியோனியுடன் படித்த என்னியோ மோரிகோனிதான் இசை. சுவையான செய்தி என்னவென்றால், இறுதிச் சண்டைக்கு 'ரியோ பிராவோ' படத்தின் 'தெகுவேயோ' மெட்டையே பயன்படுத்திக்கொள்ள லியோனி விரும்பினார். பிறருடைய இசையை ஒட்டவைக்க மோரிகோனி இணங்கவில்லை. தாம் முன்பே வேறொரு தொலைக்காட்சிப் படைப்புக்கு எழுதியிருந்த தாலாட்டு ஒன்றை எடுத்து, டிரம்பெட்டுக்குக் கொடுத்து, மெக்சிகோ வாடை வீசும்படி மாற்றித் தந்தார். ஆகவே தந்திக்கருவி அவர்கள் விவரித்த அந்த மதுக்கடை மெட்டுக்கு இத்தாலியில் ஒரு வாரிசு பிறந்தது. முகப்பில் வரும் சீட்டி இசைக்கும் ஓர் அமெரிக்க வேர் உண்டு: அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் உடி கத்ரியின் பாடல் ஒன்றுக்கு மோரிகோனி அமைத்திருந்த பின்னணியைக் கேட்ட லியோனி, பாடகரின் குரலை எடுத்துவிட்டு அந்தப் பின்னணியை வைத்தே முகப்பு இசையை அமைக்கச் சொன்னார். குரல் இருந்த இடத்தில் அலெஸாண்ட்ரோ அலெஸாண்ட்ரோனியின் சீட்டி வந்தது. பாடகரை நீக்கிவிட்டு வெஸ்டர்ன் இசை பிழைக்குமா என்பதுதான் கேள்வி என்றால், நேரடியான விடை இதுதான்.

ஈஸ்ட்வுட் தம் பாத்திரத்தின் வசனங்களைத் தாமே குறைத்துக்கொண்டவர். பேசாத முகத்துக்குப் பக்கத்தில் சீட்டி, சாட்டை, மணி, மின்கித்தார் ஆகியவை பேசுகின்றன. அதிகம் பேசும் நடிகர் அந்த இடத்தில் இருந்திருந்தால் இவை வெறும் வேடிக்கை ஓசைகளாகவே நின்றிருக்கும்.

'ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்' (1968) படத்தில் இந்த முறை முழுமை பெற்றது. முக்கியப் பாத்திரங்கள் நால்வருக்கும் தனித்தனி இசை. படப்பிடிப்புக்கு முன்பே இசை அமைக்கப்பட்டு, படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலிக்கவிடப்பட்டது. கிளாடியா கார்டினாலே ரயில் நிலையத்தில் எவரும் வரவேற்க வராமல் நின்று, பிறகு நிலைய அலுவலகத்துக்குள் நுழைகிறார். கேமரா கூரைக்கு மேலே எழும்பி ஊரைக் காட்டும் நொடியில் எட்டா டெல்ஓர்சோவின் சொற்களற்ற குரல் இசைக்குழுவோடு சேர்ந்து உயர்கிறது. அந்தக் கேமரா இசையின் அளவுக்கு ஏற்பவே நகர்கிறது. கார்டினாலேயின் நடை, நின்று திரும்பும் விதம் எல்லாமே பாட்டைக் கேட்டுக்கொண்டு நடிப்பவரின் நடையாகவே எனக்குத் தெரிகிறது.

ஃபோண்டாவின் தேர்வைப் பற்றிப் பலரும் எழுதியாயிற்று, ஆயினும் இசையோடு சேர்த்து எவரும் போதுமான அளவு சொல்வதில்லை. 1939இல் இளம் லிங்கனாகவும், 1946இல் 'மை டார்லிங் கிளமென்டைன்' படத்தில் வையட் எர்ப்பாகவும் நடித்து, நேர்மையின் உருவமாகவே மக்கள் மனத்தில் பதிந்தவர் அவர். வில்லன் வேடம் என்று தெரிந்ததும் பழுப்பு நிற லென்ஸும் மீசையும் அணிந்து தளத்துக்கு வந்தார். லியோனி இரண்டையும் எடுத்துவிடச் சொன்னார், ஏனென்றால் அவருக்குத் தேவைப்பட்டவை அந்த நீலக் கண்களேதாம். குடும்பமே கொலையுண்டு கிடக்க, ஒரு சிறுவன் மட்டும் வீட்டு வாசலில் நிற்கிறான். மின்கித்தார் கிழிப்பதைப் போல ஒலிக்கிறது, கூடவே மௌத் ஆர்கன் ஓலமிடுகிறது. கேமரா மெல்லச் சுற்றி வந்து முகத்தைக் காட்டினால் அது ஃபோண்டா. இசை நம்மிடம் ஒரு கொடியவனை அறிவித்துவிட்டது, முகமோ நல்லவனுடையது. இரண்டில் எதை நம்புவது என்று நாம் தடுமாறும் அந்த இடைவெளியில்தான் அவர் சிறுவனைச் சுடுகிறார்.

நிழல்திரை:

அனைவருக்கும் நன்றி. ஃபோண்டாவின் காட்சி குறித்த விளக்கம் எனக்கு மிகவும் பயன்பட்டது. ஆனால் இதிலிருந்து இன்னொரு ஐயம் பிறக்கிறது. இசை ஒன்றைச் சொல்ல, முகம் வேறொன்றைச் சொல்வதால் அங்கே பாத்திரம் ஆழம் பெறுகிறது. செவ்விந்தியர்களாகவும் மெக்சிகோக்காரர்களாகவும் வெள்ளை நடிகர்கள் நடித்த படங்களிலும் முகமும் இசையும் பொருந்துவதில்லையே, அங்கே ஏன் அந்த ஆழம் வருவதில்லை?

வெண்திரை:

அங்கே முகமும் இசையும் முரண்படுவதில்லை என்பதே காரணம். இரண்டும் ஒரே பொய்யைச் சேர்ந்து சொல்கின்றன. முதல் அடி அழுத்தமாக விழும் நான்கடி முரசொலியும் அதன் மேல் இரு சுரங்கள் இணையாக நகரும் ஒரு குறுகிய மெட்டும் கேட்டாலே செவ்விந்தியர்கள் வருகிறார்கள் என்று ஹாலிவுட்டில் வழக்கமாகிவிட்டது. அந்த இசையை எந்தப் பழங்குடியினரிடமிருந்தும் எடுக்கவில்லை. அது மேடை நாடகங்களிலிருந்தும் ஊமைப்படக் காலத்து இசைத் தொகுப்புகளிலிருந்தும் வந்த வழக்கம். அபாச்சிகளுக்கும் அதுதான், கோமான்சிகளுக்கும் அதுதான். முகங்களின் தேர்வும் அப்படியே நடந்தது. 'தி சர்ச்சர்ஸ்' படத்தின் கோமான்சித் தலைவன் ஸ்கார் பாத்திரத்தில் நடித்த ஹென்றி பிரான்டன் பெர்லினில் பிறந்தவர். அவரைச் சூழ்ந்து கோமான்சிகளாக நின்றவர்கள், படப்பிடிப்பு நடந்த மான்யுமென்ட் வேலியில் வாழும் நவஹோ மக்கள். மூன்றாம் வரிசை அவர்கள் போற்றிய 'லோரினா' காட்சியின் நுட்பம் ஈத்தனுக்கும் மார்த்தாவுக்கும் மட்டுமே வழங்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தன் மகன்களை இழந்தவன் என்று ஸ்கார் தன் வாயாலேயே சொல்கிறான்; அந்த இழப்புக்கு ஒரு மெட்டு கிடைக்கவில்லை.

'புரோக்கன் ஆரோ' (1950) பழங்குடியினரிடம் பரிவு காட்டிய படம் என்று புகழப்பட்டது, அபாச்சித் தலைவன் கோச்சிஸ் வேடத்துக்காக வெள்ளை நடிகரான ஜெஃப் சாண்ட்லர் ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டார். உண்மையில் மொஹாக் என்ற பழங்குடி இனத்தவரான ஜே சில்வர்ஹீல்ஸ் அதே படத்தில் ஜெரோனிமோவாகச் சிறு வேடத்தில் வந்து போகிறார். ஃபோர்டே தம் பிற்காலத்தில் பழங்குடியினருக்குக் கழுவாயாக எடுத்த 'செயன் ஆட்டம்' (1964) படத்திலும் ரிக்கார்டோ மொண்டல்பான், கில்பர்ட் ரோலண்ட், சால் மினியோ ஆகியோர்தாம் செயன் மக்களாக நின்றார்கள். 'லிட்டில் பிக் மேன்' (1970) படத்தில் பழங்குடியினரான சீஃப் டான் ஜார்ஜ் நடித்த பிறகே, தன் மரணத்தைத் தானே கேலி செய்யக்கூடிய ஒரு முதியவர் நமக்குக் கிடைத்தார்.

மெக்சிகோப் பாத்திரங்களில் நிலைமை சற்று வேறு. 'ஹை நூன்' படத்தின் ஹெலன் ராமிரெஸ் வேடத்துக்கு மெக்சிகோ நடிகை கேட்டி ஹுராடோவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரில் உள்ளவர்களிலேயே அதிகம் புரிந்துகொண்டவள் அவள்தான் என்பதை அவருடைய பார்வையே காட்டிவிடுகிறது. ஈலை வாலக்கின் தேர்வையும் நான் குறை சொல்ல மாட்டேன். 'தி மேக்னிஃபிசென்ட் செவன்' (1960) படத்தின் கொள்ளைத் தலைவனாகவும், 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) படத்தின் டூக்கோவாகவும் நடித்த அவர் நியூயார்க்கில் பிறந்த யூதர்; ஆனால் கல்லறைத் தோட்டத்தில் அவர் வெறிபிடித்து ஓடும்போது மோரிகோனியின் இசை அவரைக் கேலி செய்யவில்லை. பேராசையை ஏறக்குறைய வழிபாடாகவே உயர்த்திக் காட்டுகிறது. கோமாளி வேடம் போட்டவருக்கு அவ்வளவு பெரிய இசையைக் கொடுத்த துணிவு அரிது.

தந்திக்கருவி:

வெண்திரை அவர்கள் ஹுராடோவைக் குறிப்பிட்டதால் ஒன்று சேர்க்கிறேன். சாம் பெக்கின்பா இயக்கிய 'பேட் காரெட் அண்ட் பில்லி த கிட்' (1973) படத்தில், குண்டடிபட்ட முதிய ஷெரீஃபாக ஸ்லிம் பிக்கன்ஸ் ஆற்றங்கரையில் சென்று அமர்கிறார். அவருடைய மனைவியாகத் துப்பாக்கியோடு பின்தொடர்ந்து வந்து, அருகில் நெருங்காமல் அழுதபடி நின்று பார்ப்பவர் ஹுராடோதான். பாப் டிலனின் புகழ்பெற்ற சொர்க்க வாசல் பாட்டு ('நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்') அங்கே ஒலிக்கிறது. மரணத்தைப் பாடும் குரல் சாகிறவருடையதாக இல்லை என்பதைக் கவனியுங்கள். 'ஹை நூன்' செய்த அதே பிரிவினை. டிலன் அதே படத்தில் ஏலியஸ் என்ற பெயரில் நடிக்கவும் செய்கிறார், அதை மறந்துவிடுவதே அவருக்குச் செய்யும் மரியாதை. பில்லியாக நடித்த கிறிஸ் கிறிஸ்டோஃபர்சனும் பாடகர்தான். 21 வயதில் இறந்துபோன பில்லிக்கு 36 வயது நடிகர் என்பது கணக்குப்படி பிழை. திரையிலோ அவருடைய சோம்பலான புன்னகை அந்தப் பிழையை மறைத்துவிடுகிறது.

மூன்றாம் வரிசை:

பொருந்தாத நடிகரை இசை காப்பாற்றியது உண்டா என்று முதலில் கேட்கப்பட்ட கேள்வி இன்னும் நிலுவையில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த நல்ல எடுத்துக்காட்டு 'தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்' (1962). கதையின் பெரும்பகுதியில் இளைஞர்களாக இருக்க வேண்டிய ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் ஜான் வெய்னும் அப்போது ஐம்பதைக் கடந்தவர்கள். சட்டம் படித்து முடித்துப் புதிதாக வந்திறங்கும் இளைஞனாக ஸ்டூவர்ட்டை ஏற்றுக்கொள்வது முதல் அரை மணி நேரம் கடினமாகவே இருக்கும். ஃபோர்ட் இங்கே தம் பழைய படமான 'யங் மிஸ்டர் லிங்கன்' (1939) படத்திலிருந்து, லிங்கன் இழந்த காதலியான ஆன் ரட்லெட்ஜுக்கு ஆல்ஃபிரெட் நியூமன் அமைத்த மெட்டை எடுத்து, வெய்னின் பாத்திரம் தான் காதலிக்கும் பெண்ணுக்குக் கொடுக்கும் கள்ளிப் பூவோடு தொடர்புடைய காட்சிகளில் வைத்திருக்கிறார். அந்த மெட்டு கேட்டதும், நாம் காண்பது நடந்துகொண்டிருக்கும் இளமை அன்று, முதியவர்கள் திரும்பிப் பார்க்கும் இளமை என்பது மனத்துக்குப் புலப்படுகிறது. நினைவில் வரும் தன்னை ஒருவர் தன் இப்போதைய முகத்தோடுதான் காண்பார் என்று எடுத்துக்கொண்டால் அந்தச் சுருக்கங்கள் உறுத்துவதில்லை. படத்தின் பெயரிலேயே ஜீன் பிட்னி பாடி வெளிவந்த பாடல் படத்துக்குள் இடம்பெறவில்லை என்பது பெரும் நற்பேறு. அந்த உற்சாகம் இந்த மெட்டைக் கொன்றிருக்கும்.

'தி மேக்னிஃபிசென்ட் செவன்' வேறு வகை. ஜெர்மானியரான ஹோர்ஸ்ட் புக்ஹோல்ட்ஸ் மெக்சிகோ விவசாயியின் மகனாக வருகிறார், ரஷ்யாவில் பிறந்த யுல் பிரின்னர் தம் உச்சரிப்பை மாற்றிக்கொள்ளாமலேயே தலைவராகிறார். எல்மர் பெர்ன்ஸ்டீனின் இசை இவற்றைப் பற்றி யோசிக்க நமக்கு நேரம் கொடுப்பதில்லை. காட்சி மெதுவாகச் செல்லும் இடங்களில் வேண்டுமென்றே விரைவான இசையைக் கொடுத்தார் அவர். முகப்புக் காட்சியை ஒலியின்றிப் பார்த்தால், குதிரைகள் எவ்வளவு நிதானமாக நடக்கின்றன என்பது வியப்பளிக்கும்.

நிழல்திரை:

லியோனியின் படங்களை மீண்டும் பார்க்க எண்ணியுள்ளேன். இத்தாலிய மொழியில் பார்ப்பது நன்றா, ஆங்கிலத்தில் பார்ப்பது நன்றா?

படத்தொகுப்பு:

நடிகர்கள் அவரவர் மொழியில் பேசி நடித்து, வசனம் முழுவதும் பிறகு பதிவு செய்யப்பட்ட படங்கள் அவை. எனவே மூலக் குரல் என்ற ஒன்றைத் தேடுவதில் பயனில்லை. இத்தாலிய வடிவத்தில் ஈஸ்ட்வுட்டுக்கு என்ரிக்கோ மரியா சலெர்னோ என்ற நடிகர் குரல் கொடுத்திருக்கிறார். நல்ல குரல், ஆயினும் ஈஸ்ட்வுட் தாமே பேசியிருக்கும் அந்தத் தாழ்ந்த, அரைகுறை முணுமுணுப்புக்கு அருகில்தான் சீட்டி இசை சரியாக உட்காருகிறது. ஈஸ்ட்வுட்டை வைத்து லியோனி எடுத்த 'டாலர்' படங்கள் மூன்றையும் ஆங்கிலத்திலேயே பாருங்கள். முதல் இரண்டு படங்களின் வில்லனாகிய ஜான் மரியா வொலொந்தேவுக்காக மட்டும் இரண்டாவது படத்தின் இத்தாலிய வடிவத்தில் ஒரு காட்சியையாவது கேட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் அவருக்கு வேறொருவர் பேசியிருப்பதால் பாதி நடிப்பு காணாமல் போயிருக்கிறது. 1968ஆம் ஆண்டுப் படத்துக்கு எந்த மொழியானாலும் பெரிய வேறுபாடில்லை. மூன்று பேர் ரயிலுக்காகக் காத்திருக்கும் அதன் தொடக்கத்தில் காற்றாடியின் கிறீச்சொலியும், தொப்பியில் சொட்டும் நீரும், ஈயின் ரீங்காரமும்தான் கேட்கின்றன. அங்கே இசையே இல்லை. ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.